பொம்மைக் குதிரைகளில் எது வெல்லும்? பழைய பந்தய இயந்திரங்களின் முடிவை ஆராயும் முறை

பழைய குதிரைப் பந்தய விளையாட்டு இயந்திரம் எதுவானாலும், அதில் பணயம் கட்டும் நேரம் முடிவது ஒரு கணம், வெல்லும் குதிரை உறுதியாவது இன்னொரு கணம். இவ்விரண்டில் எது முந்தியது, இடையில் என்னென்ன நடக்கின்றன என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த இயந்திரத்தைப் பெரும்பாலும் புரிந்துகொண்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம். சில இயந்திரங்களில் குதிரைகள் ஓடி நிற்கும் வரை முடிவு யாருக்கும் தெரியாது, இயந்திரத்துக்கே தெரியாது. வேறு சிலவற்றில் குதிரைகள் கால் எடுத்து வைப்பதற்கு முன்பே முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. நாம் பார்க்கும் ஓட்டம் அந்த முடிவை நடித்துக் காட்டும் கூத்து மட்டுமே. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கண்ணாடிக்குக் கீழே வண்ணம் பூசிய சிறு குதிரைகள், எண் எழுதிய ஜாக்கிகள், ஒரு வெற்றிக் கம்பம். பழம்பொருள் சேகரிப்போரும், அருங்காட்சியகத்தில் இவற்றைப் பார்த்து வியப்போரும், இவை எப்படி வேலை செய்கின்றன என்று அறிய விரும்பும் கணித ஆர்வலர்களும் தாமே ஆராய்ந்து பார்க்கும் வகையில் இக்குறிப்புகளை எழுதியிருக்கிறேன்.

கைப்பிடியால் ஓடும் குதிரைகள்

தொடங்குவதற்கு ஏற்றது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் கடற்கரை நகரங்களிலும் வெந்நீரூற்று நகரங்களிலும் இருந்த கேசினோக்களில் பரவிய 'பெத்தி ஷெவோ' என்னும் விளையாட்டு. 'சின்னக் குதிரைகள்' என்பதே அப்பெயரின் பொருள். வட்டமான ஒரு பலகையில், ஒன்றுக்குள் ஒன்றாக, பெரும்பாலும் எட்டு வட்டப் பிளவுகள் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிளவிலும் ஒரு குதிரை. எல்லாக் குதிரைகளும் நடு அச்சைச் சுற்றுகின்றன. ஆனால் ஒன்றின் சுழற்சி மற்றொன்றைத் தொடாது. மேசையை நடத்தும் குரூப்பியர் கைப்பிடியைச் சுழற்றும்போது எட்டும் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கும். விசை விடுபட்டதும் ஒவ்வொன்றும் தன் போக்கில் சுற்றி, தன் போக்கில் தளர்ந்து நிற்கும். வெற்றிக் கம்பத்துக்கு மிக அருகில் நிற்பது வென்ற குதிரை. அதன்மேல் பணம் கட்டியவர்களுக்குக் கட்டிய தொகையின் குறிப்பிட்ட மடங்கு கிடைக்கும். குதிரைகளுக்குப் பதிலாகச் சிறிய ரயில் வண்டிகள் ஓடிய மேசைகளும் இருந்தன. 1907 ஜூன் 15ஆம் நாள் பிரெஞ்சுச் சட்டம் இத்தகைய நகரங்களின் கேசினோக்களில் சூதாட்டத்தை நெறிப்படுத்தி அனுமதித்தது. அதே காலத்தில், குழிவான மேசையில் பந்தை உருட்டி ஒன்பது எண்களுக்குரிய குழிகளில் ஒன்றில் விழச் செய்யும் 'பூல்' ஆட்டம் குதிரைகளின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

இந்த விளையாட்டில் முடிவு உறுதியாகும் கணத்தைத் தேடுவோம். கைப்பிடியை விட்ட நொடியில், கோட்பாட்டளவில், எல்லாம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு குதிரையின் வேகமும், அதன் அச்சில் இருக்கும் உராய்வும் நமக்குத் துல்லியமாகத் தெரிந்தால் எது எங்கே நிற்கும் என்று கணக்கிட்டுவிடலாம். அந்தத் துல்லியம் மனிதக் கைக்கு எட்டாதது என்பதில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது. எவ்வளவு எட்டாதது என்பதை ஓர் எளிய கணக்கால் காட்ட முடியும்.

ஒரு குதிரை நிற்பதற்குள் 10 சுற்றுச் சுற்றுகிறது எனக் கொள்வோம். உராய்வு மாறாமல் இருந்தால், அது கடக்கும் தூரம் தொடக்க வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே வேகம் 1 சதவீதம் கூடினால் தூரம் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். பத்துச் சுற்றில் 2 சதவீதம் என்பது ஒரு சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 72 பாகை. எட்டுக் குதிரைகள் வட்டத்தைச் சமமாகப் பங்கிட்டு நின்றால் அவற்றுக்கிடையே 45 பாகைதான் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். கையின் அழுத்தத்தில் 1 சதவீத மாற்றம் வெற்றியாளரையே மாற்றப் போதும். வேகம் 5 சதவீதம் கூடினால் குதிரை ஒரு முழுச் சுற்றே கூடுதலாக ஓடிவிடும். எவ்வளவு பழகிய குரூப்பியரானாலும் இரண்டு முறை கைப்பிடியைச் சுழற்றும்போது இந்த அளவு வேறுபாடு வராமல் பார்த்துக்கொள்ள முடியாது.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு குதிரையின் அச்சு மற்றவற்றைவிடச் சற்று இறுக்கமாக இருந்தால் அந்தக் குதிரை தோற்றுக்கொண்டே இருக்கும் என்று தோன்றும். நேர்ப்பாதையில் ஓடும் பந்தயத்தில் அது உண்மை. வட்டத்தில் ஓடி, கம்பத்துக்கு அருகில் நிற்பது வெல்லும் விளையாட்டில் அது உண்மையல்ல. எட்டுச் சுற்றுச் சுற்றும் குதிரையும் பத்துச் சுற்றுச் சுற்றும் குதிரையும் கம்பத்துக்கு அருகில் நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றே. ஏனென்றால் எத்தனை முழுச் சுற்று என்பது கணக்கில் வருவதில்லை, மீதமிருக்கும் துண்டுதான் வருகிறது. கையின் வேகம் சற்றே ஏறி இறங்கினாலும் அந்தத் துண்டு வட்டம் முழுவதும் பரவிவிடும். சுழலும் சக்கரம் எங்கே நிற்கும் என்ற கேள்வியை வைத்து, தொடக்க வேகத்தின் பரவல் எப்படியிருந்தாலும் போதிய சுற்றுகளுக்குப் பின் எல்லா இடங்களும் சமவாய்ப்புடையவையாகிவிடும் என்று காட்டியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆன்ரி புவான்கரே. அவர் வாழ்ந்த நாட்டில், அவர் காலத்திலேயே இந்தக் குதிரைகள் சுற்றிக்கொண்டிருந்தன என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் ஒற்றுமை.

'போதிய சுற்றுகள்' என்ற நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. துருப்பிடித்த அச்சால் ஒரு குதிரை மூன்றே சுற்றில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கையின் வேகம் சராசரியிலிருந்து மேலும் கீழும் 5 சதவீதம் மாறினால், தூரம் ஏறத்தாழ 10 சதவீதம் மாறும், அக்குதிரை 2.7 சுற்றிலிருந்து 3.3 சுற்றுக்குள் எங்கோ நிற்கும். அதாவது வட்டத்தின் 216 பாகைக்குள் மட்டுமே அது நிற்கக்கூடும். எஞ்சிய 144 பாகைப் பகுதியை அது எட்டவே எட்டாது. வெற்றிக் கம்பம் அந்த 144 பாகைக்குள் இருந்தால் அக்குதிரை வெல்வது அரிது. 216 பாகையின் நடுவில் இருந்தால் தன் பங்குக்கு மேல் வெல்லும். பத்துச் சுற்றுச் சுற்றும் குதிரையோ அதே கையசைவில் 9 சுற்றிலிருந்து 11 சுற்று வரை, இரண்டு முழு வட்டங்களைத் தழுவி நிற்கும். ஆகவே பழைய மேசையில் குறை தேடுபவர், எந்தக் குதிரை மெதுவாக ஓடுகிறது என்று பார்ப்பதைவிட எந்தக் குதிரை மிகக் குறைவான சுற்றுகளில் நிற்கிறது என்று எண்ணுவதே பயன் தரும்.

மேசையைச் சோதிக்கும் முறை

முதலில் ரசமட்டத்தை மேசையின்மீது வையுங்கள். ஒரு திசையில் வைத்துப் பார்த்தால் போதாது. முதல் திசைக்குக் குறுக்காக அதைத் திருப்பி இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். மேசை சாய்ந்திருந்தால், எடைச் சமநிலை இல்லாத குதிரை தளர்ந்து நிற்கப் போகும்போது தன் கடைசி அரைச் சுற்றில் பள்ளத்தை நோக்கி இழுபடும். அத்தகைய குதிரைகளெல்லாம் ஒரே பக்கத்தில் வந்து கூடும். இந்த ஒன்றைச் சரிசெய்யாமல் மற்றச் சோதனைகளைத் தொடங்குவதில் பொருளில்லை.

அடுத்து, குதிரைகளின் எடைச் சமநிலை. குதிரை ஒரு கரத்தின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். நல்ல வேலைப்பாடுள்ள மேசைகளில் கரத்தின் மறுபுறத்தில் அதற்கு ஈடான எடை இருக்கும். சமதளத்தில் இதன் குறை வெளிப்படாது. ஆகவே மேசையின் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டையை வைத்து வேண்டுமென்றே சற்றுச் சாய்த்து, ஒவ்வொரு குதிரையையும் விரலால் நான்கு திசைகளிலும் நிறுத்தி, மெல்லக் கையை எடுத்துப் பாருங்கள். விட்ட இடத்திலேயே நிற்கும் குதிரை சமநிலையுள்ளது. பள்ளத்தை நோக்கி நகர்ந்தால் கரத்தில் குதிரை உள்ள பக்கம் கனம் அதிகம். மேட்டை நோக்கி நகர்ந்தால் ஈடான எடை மிகுதியாக இருக்கிறது. ஒரு காலத்தில் உடைந்த குதிரைக்குப் பதிலாகப் பிற்காலத்தில் வேறொரு உலோகத்தில் வார்த்த குதிரையை ஒட்டியிருந்தால் இந்தச் சோதனையில் அது உடனே சிக்கிக்கொள்ளும். முடிந்ததும் அட்டையை எடுத்துவிட்டு மறுபடி ரசமட்டம் பார்க்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு குதிரையும் எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணுங்கள். கைப்பிடியைச் சுழற்றிவிட்டு ஒரே ஒரு குதிரையை மட்டும் கண்ணால் தொடர வேண்டும். எட்டையும் ஒரே நேரத்தில் எண்ண முயன்றால் எதுவும் தேறாது. செல்பேசியில் காணொளி எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பது இன்றைய வசதி. ஐந்து சுற்றுக்குக் கீழே நிற்கும் குதிரைகளைத் தனியாகக் குறித்துக்கொண்டு, அவற்றின் அச்சில் பழைய எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கிறதா, பிளவின் ஓரத்தில் கரம் உரசுகிறதா என்று பாருங்கள். உரசும் இடத்தில் வண்ணம் தேய்ந்து உலோகம் பளபளக்கும். ஒரே இடத்தில் மட்டும் உரசினால் குதிரை அந்த இடத்தில் நிற்க விரும்பும். முடிவைச் சாய்க்கும் குறைகளில் இதுவே மிகக் கொடியது என்பது என் கருத்து. ஏனென்றால் சுற்றுகளின் எண்ணிக்கை இதைப் போக்கிவிடாது. எவ்வளவு வேகமாகச் சுழன்று வந்தாலும் கடைசியில் அது அந்த இடத்தைக் கடக்கத் திணறத்தான் செய்யும்.

வெற்றி விதியையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கம்பத்துக்கு மிக அருகில் நிற்பது வெல்லுமா, கம்பத்தைத் தாண்டாமல் அருகில் நிற்பது வெல்லுமா, தாண்டியவற்றுள் முதலாவது வெல்லுமா என்பதில் மேசைக்கு மேசை வழக்கம் மாறலாம். நேர்மையான மேசையில் எந்த விதியானாலும் எட்டுக் குதிரைகளின் வாய்ப்பு சமமாகத்தான் இருக்கும். ஆனால் முடிவுகளை எழுதிவரும் பதிவேட்டின் பாதியில் விதியை மாற்றினால், ஏதேனும் ஒரு குதிரைக்குச் சாய்வு இருக்கும்போது அந்தச் சாய்வு மறைந்துபோகும்.

இனிப் பதிவேடு. எட்டுக் குதிரை மேசையில் 800 ஓட்டங்கள் ஓட்டினால் ஒவ்வொன்றும் சராசரியாக 100 முறை வெல்ல வேண்டும். சரியாக 100 வராது. திட்ட விலக்கம், அதாவது எண்ணிக்கை சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, ஏறத்தாழ 9.35. ஆகவே அதன் இரு மடங்குக்குள், 81 முதல் 119 வரை வந்தால் வியப்படைய ஒன்றுமில்லை. எட்டு எண்ணிக்கைகளையும் சேர்த்துச் சோதிக்கக் கை-வர்க்கச் சோதனை (chi-square test) என்னும் புள்ளியியல் சோதனையைச் செய்யலாம்: ஒவ்வொரு எண்ணிக்கையிலிருந்தும் 100ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, 100ஆல் வகுத்து, எட்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 14.07க்கு மேல் போனால், தற்செயலால் மட்டும் அவ்வாறு வருவதற்கு 5 சதவீத வாய்ப்புத்தான் உண்டு. மேசையை மறுபடி ஆராய வேண்டும். 800 முறை கைப்பிடியைச் சுழற்றுவது கையை வலிக்கச் செய்யும் வேலை என்பதை அறிவேன். ஆயினும் 80 ஓட்டங்களில் சோதனையை முடித்துவிட்டு, பத்துக்குப் பதில் பதினாறு முறை வென்ற குதிரையைக் 'கள்ளக் குதிரை' என்று முடிவுகட்டுவது அந்த மேசையைச் செய்த கைவினைஞருக்கு இழைக்கும் அநீதி. எட்டுக் குதிரைகளில் ஏதேனும் ஒன்று அந்த அளவுக்கு வெல்வது அடிக்கடி நடக்கக்கூடியதே. இடையில் அச்சுகளுக்கு எண்ணெய் இட்டால், அதற்கு முந்திய பதிவுகளைப் பிந்தியவற்றோடு கூட்டக் கூடாது. எண்ணெய் இட்டபின் அது வேறொரு மேசை.

கேசினோவின் ஆதாயம் குதிரைகளின் ஓட்டத்தில் ஒளிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. ஒன்பது வாய்ப்புகள் சமமாக இருக்கும் மேசையில் வென்றவருக்குக் கட்டிய தொகையோடு அதன் ஏழு மடங்கும் கொடுத்தால், ஒன்பது பணயத்துக்கு எட்டே திரும்புகிறது, 11.1 சதவீதம் கேசினோ நடத்தும் விடுதிக்குத் தங்குகிறது. பூல் ஆட்டத்தின் கணக்கு இதுவேதான். குதிரைகள் எவ்வளவு நேர்மையாக ஓடுகின்றனவோ அவ்வளவுக்கு இந்த ஆதாயம் உறுதியாகும். ஆகவே மேசையைச் சமமாக வைத்திருப்பதில் விடுதிக்கே அக்கறை அதிகம். சாய்ந்த மேசையில் உன்னித்துப் பார்க்கும் ஆட்டக்காரர் ஒருவர் சாய்வைக் கண்டுபிடித்துவிட்டால் நட்டம் விடுதிக்குத்தான்.

காற்றும் நாடாவும்

1930களில் சிகாகோவின் பேஸ் நிறுவனம் செய்த 'பேஸஸ் ரேசஸ்' இயந்திரத்தில் காசு போட்டதும், கண்ணாடிக்குக் கீழே குதிரைகள் நேர்ப்பாதையில் ஓடும். தானாக வாசிக்கும் பியானோக்களில் பயன்பட்ட காற்று உறிஞ்சும் உத்தியே இதில் குதிரைகளை இழுத்தது. இத்தகைய இயந்திரத்தை ஆராய்பவர் பாதையைப் பார்ப்பதைவிட அடியில் காற்றைப் பங்கிடும் வழிகளைப் பார்க்க வேண்டும். எந்தக் குதிரைக்கு எப்போது இழுப்புக் கிடைக்கிறது என்பது அங்கேதான் இருக்கிறது. இங்கே மெதுவான குதிரை உண்மையாகவே தோற்கும். வெடித்த ரப்பர்க் குழாய் ஒன்று போதும், ஒரு குதிரை என்றென்றைக்கும் கடைசியில் வரும். வட்ட மேசைக்கும் நேர்ப்பாதைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பழுது தேடும் வேலை பாதியாகக் குறையும்.

1975இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட 'ஈவிஆர் ரேஸ்' இன்னொரு வகை. அதில் ஓடுவது ஒளிநாடாவில் முன்பே பதிவுசெய்த பந்தயம். ஒவ்வொரு பந்தயத்தின் முடிவும் படம் பிடித்த நாளிலேயே முடிந்துபோன ஒன்று. தற்செயல் என்பது எந்தப் பந்தயத்தை ஓட்டுவது என்ற தேர்வில் மட்டுமே இருக்கிறது. ஆராய்பவர் செய்ய வேண்டியது, நாடாவில் எத்தனை பந்தயங்கள் உள்ளன, அவை எந்த ஒழுங்கில் வருகின்றன என்று குறித்துக்கொள்வதே. தொடக்கக் காட்சியிலேயே பந்தயத்தை அடையாளம் காண முடிந்தால், அந்தக் காட்சி தோன்றுவதற்கு முன்பே பணயம் மூடப்படுகிறதா என்பதே விளையாட்டின் நேர்மைக்கு உரைகல்.

சிக்மா டெர்பி: முடிவுக்குப் பிறகு நடக்கும் பந்தயம்

இன்று பலர் நினைவில் நிற்கும் பழைய பந்தய இயந்திரம், சிக்மா நிறுவனம் 1985இல் கொண்டுவந்த 'சிக்மா டெர்பி'. லாஸ் வேகாஸில் எம்ஜிஎம் கிராண்ட், தி டி ஆகிய விடுதிகளில் இது பல ஆண்டுகள் ஓடியது. கண்ணாடி மூடிய நீள்வட்டப் பாதையைச் சுற்றிப் பலர் அமர்ந்து 25 சென்ட் நாணயங்களைப் போடுவார்கள். ஐந்து குதிரைகள் பிளவுகளில் துள்ளியபடி ஓடும். பணயம் கட்டுவது ஒற்றைக் குதிரைமேல் அல்ல, இணைமேல். முதலிரண்டு இடங்களைப் பிடிக்கும் இரண்டு குதிரைகளை, எது முந்துகிறது என்ற கவலையின்றி, சொல்ல வேண்டும். கிண்டி ரேஸ் பழகியவர்கள் இதைக் குயினெல்லா என்றே அறிவார்கள். ஐந்து குதிரைகளில் இத்தகைய இணைகள் பத்து. பந்தயத்துக்குப் பந்தயம் பலகையில் பத்து இணைகளுக்கும், வென்றால் கிடைக்கும் தொகையைக் காட்டும் புதிய மடங்குகள் ஒளிரும். சிறியது 2, பெரியது 200 வரை போகும்.

இங்கே குதிரைகளைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அச்சுகளுக்கு எண்ணெய் இட்டாலும், பாதை சாய்ந்திருந்தாலும், வெல்லும் இணை மாறப்போவதில்லை. பணயம் மூடியதும் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று தற்செயல் எண்ணைக் கொண்டு இணையைத் தேர்ந்துவிடுகிறது. மோட்டார்கள் குதிரைகளை அந்த முடிவுக்கு ஓட்டிச் செல்கின்றன. கடைசித் திருப்பத்தில் முன்னணிக் குதிரை தயங்குவதும், வெளிப்பக்கத்திலிருந்து ஒன்று பாய்ந்து வருவதும், சுற்றியிருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வதும் எல்லாம் அந்தத் தேர்வுக்குப் பிந்தியவை. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நெவாடா மாநிலத்தின் சூதாட்ட விதிகள் இதையே கேட்கின்றன: முடிவு தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், அது முந்திய முடிவுகளையோ கட்டிய தொகையையோ ஆடும் முறையையோ சார்ந்திருக்கக் கூடாது, தேர்ந்த பிறகு, காட்டப்படும் முடிவை மாற்றும் இரண்டாவது தீர்மானம் எதையும் இயந்திரம் எடுக்கக் கூடாது. கடைசி விதியை ஊன்றிப் படித்தால் ஒன்று விளங்கும். குதிரைகள் உண்மையாகவே போட்டியிட்டு முடிவை மாற்றினால் அதுதான் அங்கே விதிமீறல்.

ஆகவே இந்த இயந்திரத்தில் ஆராய வேண்டியது பலகையை. கற்பனையான ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். பத்து இணைகளின் மடங்குகள் 3, 4, 6, 8, 10, 15, 25, 40, 60, 120. ஒவ்வொன்றின் தலைகீழியையும் (1ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவது) எடுத்துக் கூட்டுங்கள். முதல் மூன்றும் சேர்ந்து 0.75 வரும், பத்தும் சேர்ந்தால் 1.1317. ஒன்றை இந்தத் தொகையால் வகுத்தால் 0.884. இந்த எண்ணுக்கு ஓர் உறுதியான பொருள் உண்டு. பத்து இணைகளின் மேலும் அவற்றின் தலைகீழி விகிதத்தில் பணத்தைப் பிரித்துக் கட்டினால், எந்த இணை வென்றாலும் கட்டிய ஒவ்வொரு டாலருக்கும் 88.4 சென்ட் திரும்பக் கிடைக்கும். இதைச் சொல்ல உள்ளே இருக்கும் நிகழ்தகவுகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பலகையிலிருந்து பிழையின்றிக் கிடைக்கும் ஒரே எண் இது என்பதால்தான் இதன்மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

'3' என்று பலகை காட்டினால் ஒரு நாணயத்துக்கு மொத்தம் மூன்று நாணயம் திரும்புகிறதா, கட்டியதோடு மேலும் மூன்று சேர்ந்து நான்கு திரும்புகிறதா என்ற ஐயம் எழும். அதையும் இந்தக் கூட்டலே தீர்த்துவைக்கும். நமது பலகையில் இரண்டாவது பொருளை எடுத்து 4, 5, 7, 9 என்று ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கூட்டித் தலைகீழிகளைச் சேர்த்தால் 0.945தான் வருகிறது, அதாவது பத்து இணைகளையும் வாங்குபவருக்கு ஒவ்வொரு டாலருக்கும் 1.058 டாலர் உறுதியாகத் திரும்பும். இப்படி ஓர் இயந்திரத்தை எந்த விடுதியும் ஓட்டாது. ஆகவே முதல் பொருளே சரி. நெவாடாவில் சூதாட்ட இயந்திரங்கள், கட்டப்படும் தொகையில் குறைந்தது 75 சதவீதத்தைக் கோட்பாட்டளவில் திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் இருப்பதால், விடை 75 சதவீதத்துக்கும் நூற்றுக்கும் இடையில் வராவிட்டால் எங்கோ தவறாகப் படித்திருக்கிறோம் என்று பொருள்.

இனி ஓர் ஊகத்தைச் சேர்ப்போம்: எல்லா இணைகளும் ஒரே விகிதத்தில் திருப்பித் தருகின்றன. அப்படியானால் ஒவ்வொரு இணையின் நிகழ்தகவும் 0.884ஐ அதன் மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 3 காட்டும் இணைக்கு 29.5 சதவீதம், 120 காட்டும் இணைக்கு ஏறத்தாழ 136இல் ஒரு வாய்ப்பு. இது ஊகமே என்பதை மறக்காமல், பதிவேட்டைக் கொண்டு சோதிக்க வேண்டும். பந்தயத்துக்குப் பந்தயம் மடங்குகள் மாறுவதால் '2-4 இணை எத்தனை முறை வென்றது' என்று எண்ணுவதில் பயனில்லை. 2ஆம் எண் குதிரை போன பந்தயத்தில் ஓடிய அதே குதிரை அல்ல. அதற்கு உடலும் இல்லை, பழக்கமும் இல்லை, களைப்பும் இல்லை. உண்மையான குதிரைப் பந்தயத்தில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்டதையொட்டி எழுந்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டமே என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வளர்ப்பும் பயிற்சியும், ஜாக்கியின் திறமையும் முடிவைத் தீர்மானிக்கின்றன, அவற்றை அறிந்து மதிப்பிட முடியும் என்பதே அதன் அடிப்படை. கண்ணாடிக்குக் கீழே துள்ளும் பொம்மைக்கு அந்த அடிப்படை எதுவும் பொருந்தாது.

ஆகவே எண்களை விட்டுவிட்டு மடங்குகளின் வகைப்படி எண்ணுங்கள். ஒவ்வொரு பந்தயத்திலும் பத்து மடங்குகளையும் எழுதி, தலைகீழிகளின் கூட்டுத்தொகையைக் கண்டு, 4 அல்லது அதற்குக் கீழ் காட்டும் இணைகளின் ஊக நிகழ்தகவைக் கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். நமது பலகையில் அந்த வகைக்கு 51.6 சதவீதம் வருகிறது. அதே போன்ற 100 பந்தயங்களில் அந்த வகை ஏறத்தாழ 52 முறை வெல்ல வேண்டும். திட்ட விலக்கம் 5 என்பதால் 42க்கும் 62க்கும் இடையில் வருவது இயல்பே. பெரிய மடங்குகளைத் தனித்தனியாகச் சோதிக்க ஆசைப்படாதீர்கள். 136இல் ஒரு முறை வெல்லும் இணை சராசரியாக ஐந்து முறையாவது வெல்ல 680 பந்தயங்கள் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு பந்தயம் ஓடினாலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 40க்கு மேற்பட்ட மடங்குகளையெல்லாம் ஒரே வகையாகச் சேர்த்துவிட்டு, பணயம் எதுவும் கட்டாமல், பலகை தெளிவாகத் தெரியும் தொலைவில் நின்று எழுதிக்கொள்வதே வசதியானது.